ஒற்றை முடிச்சுக் கயிறு

ஜனவரி 13, லங்காவி

இந்த ஆண்டு டைரியை அச்சடித்தவர்களுக்கு மை தட்டுப்பாடு போலிருக்கிறது. கோடு இருப்பதே தெரியவில்லை. தடித்த பேனாவால் எழுதுகிறேன்.

நாளை காலை ஏழு மணிக்குப் புறப்படுகிறோம். நானும், மறைந்த என் கணவர் கேப்டன் கர்டோசாவின் தங்கை ஃப்ளேவியாவும். எனக்கு எழுபத்திரண்டு வயது, அவளுக்கு அறுபத்தாறு. சேர வேண்டிய இடம் இலங்கையின் காலித் துறைமுகம். ஆயிரத்து நூற்றைம்பது கடல் மைல். வாடைக்காற்று ஒழுங்காக இருந்தால் பத்து, பதினோரு நாள்.

பெர்த்திலிருந்து என் மகன் ஓஸ்வால்ட் இன்றும் தொலைபேசியில் நிபந்தனையைப் படித்தான். படகு என் பெயரிலும் அவன் பெயரிலும் இருக்கிறது. அவன் கையெழுத்து இல்லாமல் பதிவைப் புதுப்பிக்க முடியாது. நானும் ஃப்ளேவியாவும் முறை வைத்துக் காவல் நின்று, வேறு யார் உதவியும் இல்லாமல் காலி வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் அவன் கையெழுத்துப் போடுவான். முடியாவிட்டால் படகை அங்கேயே விற்றுவிட்டு நான் பெர்த்துக்குப் போய் அவனோடு இருக்க வேண்டும். அவன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறதாம். சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கார் நிறுத்துமிடம்.

ஒன்பது வருடமாக இந்தப் படகுதான் என் வீடு. அதில் கடைசி இரண்டு வருடம் அவர் இல்லாமல்.

ஜனவரி 14

சரியாக ஏழு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தோம். ஃப்ளேவியா ஏழு நான்கு என்கிறாள். அவள் கைக்கடிகாரம் எப்போதும் தவறு.

படகைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். பின்னால் யாராவது படிக்கலாம். நீளம் நாற்பத்தோரு அடி. பாய்மரம் இரண்டு. ஒரே ஒரு பெரிய பாயோடு மல்லுக்கட்டாமல், கைக்கு அடங்குகிற மூன்று பாய்கள். எல்லாக் கயிறும் நடுவில் நாம் உட்காரும் குழிக்கே வந்து சேரும். அலையில் தளத்தின்மேல் நடந்துபோய் எதையும் தொட வேண்டியதில்லை. பின்னால் நிற்கும் காற்றுச் சுக்கான் மின்சாரம் இல்லாமல், காற்றின் திசையைப் பிடித்துக்கொண்டு படகைத் தானே ஓட்டும். அடுப்பு படகு சாய்ந்தாலும் சாயாது. எங்கே கை நீட்டினாலும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கும். வயதான இரண்டு பேர் பெருங்கடலைத் தாண்டுவதற்கென்றே வரைந்து கட்டிய படகு என்று விற்றவர் சொன்னார். அவர் அதை நம்பினார். நான் ஒவ்வொரு மூலையையும் துடைத்துப் பார்த்தபிறகு நம்பினேன்.

பெயர் 'பொறுமை'. அவர் வைத்தது. "உங்கிட்ட இல்லாத ஒண்ணு வீட்டுல இருக்கட்டுமே, எர்மி" என்றார். எர்மெலிந்தா என்ற முழுப் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

காவல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். கப்பல் குறிப்பேட்டில் நேரம், திசை, காற்று, பார்வைத் தூரம், கையொப்பம் எல்லாம் எழுத வேண்டும். என் முதல் காவலில் எழுதியது: பார்வைத் தூரம் இரண்டு மைல், மூட்டம்.

ஜனவரி 15

பாய்களைத் துவைத்துக் காயவைக்க வேண்டும் என்று போன மாதம் ஃப்ளேவியா வந்திறங்கியதுமே சொல்லியிருந்தேன். துவைத்ததாகச் சொல்கிறாள். தேநீரில் நனைத்து எடுத்ததுபோல் பழுப்பாக இருக்கின்றன. பயணத்தின் இரண்டாம் நாளே சண்டை வேண்டாம்.

கயிறுகளும் வெயிலில் வெளுத்துவிட்டன. அவர் பார்த்துப் பார்த்து நீலம், பச்சை, வெள்ளை என்று வாங்கிப் போட்டது. இப்போது நீலமும் பச்சையும் ஒன்றுபோல் இருக்கின்றன. காலியில் புதிது வாங்க வேண்டும்.

ஃப்ளேவியா முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். விசிலடித்தே வேலை வாங்கிப் பழகியவள். பாயை இழுப்பதில் அவளை மிஞ்ச முடியாது. அண்ணன் கையைப் பிடித்துக் கற்றுக்கொண்டவள். ஒழுங்குதான் கிடையாது. தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் வைக்கிறாள். துண்டைச் சுக்கான் சக்கரத்தில் காயப்போடுகிறாள்.

ஜனவரி 16

குறிப்பேட்டில் என் வரிக்குக் கீழே அவள் எழுதியிருக்கிறாள்: பார்வைத் தூரம் பத்து மைல், தெளிவு. அதே கடல், அதே வானம், இடையில் ஐந்து நிமிடம்.

சிவப்புப் பேனாவால் அடித்து 'மூட்டம்' என்று திருத்தினேன். குறிப்பேட்டில் விருப்பப்படி எழுதக்கூடாது என்றும் அவளிடம் சொன்னேன்.

"சரி மைனி" என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஜனவரி 17

பெரிய நிக்கோபார் தீவு காலையில் வலப்பக்கம் தெரிந்ததாம். மூட்டம்.

ஜனவரி 18

நல்ல காற்று. ஒரு நாளில் நூற்று இருபத்தாறு மைல். மாசிக் கருவாடு போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். இடுப்பில் வார் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றால் படகு எவ்வளவு ஆடினாலும் நான் ஆடுவதில்லை.

ஃப்ளேவியாவின் கண்கள் சிவந்திருக்கின்றன என்று அவள் முகத்துக்கு மிக அருகில் போனபோது தெரிந்தது.

"உனக்கு என்னட்டி கண்ணு இப்படிச் சிவந்திருக்கு? சொட்டு மருந்து போடு."

"உப்புக் காத்து மைனி."

"உன் காவல் முடிஞ்சா கீழே போய்த் தூங்கு. என் காவல்ல எதுக்கு இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ மேல வந்து நிக்க?"

"எலுமிச்சம்பழம் எடுக்க வந்தேன்."

நேற்று எலுமிச்சம்பழம், அதற்கு முன் சீப்பு, அதற்கு முன் சும்மா காற்று வாங்க. வயதானால் தூக்கம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அவள் சாப்பிடும்போது தட்டின் முன்னாலேயே தூங்கிவிழுகிறாள். தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கினால் இது வருமா?

குழம்பை ஊற்றும்போது திடீரென்று கேட்டாள். "உங்க அம்மாவுக்குக் கண்ணு போனது எத்தன வயசுல மைனி?"

அறுபதில். கண்ணில் அழுத்தம். வலியே இல்லாமல், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. கடைசிப் பதினொரு வருடம் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார்கள். சோறு நான்தான் ஊட்டினேன். மருத்துவர் அப்போதே சொன்னார், இது மகளுக்கும் வரலாம் என்று.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டேன்.

ஜனவரி 20

இன்று கயிறுகளைச் சுருட்டி வைத்தேன். ஃப்ளேவியா என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? குழிக்கு வந்து சேரும் மூன்று முக்கியமான கயிறுகளிலும் நுனிக்கு ஒரு முழம் தள்ளி முடிச்சுப் போட்டிருக்கிறாள். ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. கோணல்மாணலாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவில். எங்கள் பள்ளியில் சிஸ்டர் கோன்சாகா கையில் இந்த முடிச்சுகள் சிக்கியிருந்தால் முழங்கையில் அடிக்கோல் விழுந்திருக்கும். ஓடுகிற கயிற்றில் முடிச்சு இருக்கலாமா?

மூன்றையும் அவிழ்த்தேன். நகம் ஒன்று உடைந்தது. கயிறுகளைத் தண்ணீரில் கழுவி, ஒரே அளவு வளையங்களாகச் சுருட்டி, அதனதன் கொக்கியில் மாட்டினேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது.

அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லவில்லை. தானாகப் பார்த்து வெட்கப்படட்டும்.

ஜனவரி 21

ஓஸ்வால்டுக்குச் செயற்கைக்கோள் கருவியில் வழக்கமான செய்தி அனுப்பினேன். இருவரும் நலம், காவல் ஒழுங்காக நடக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து அவள் கொண்டுவந்த மக்ரூன் தகர டப்பாவைத் திறந்தோம். பாதி தூளாகியிருந்தது. தூளைக் கரண்டியால் தின்றோம்.

ஜனவரி 22

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை ஐந்தரை மணி. என் காவல். படகு மேற்கு நோக்கி ஓடுகிறது, சூரியன் நேர் எதிரே. கடல் முழுவதும் உருக்கி ஊற்றிய வெள்ளியாக, கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். பெரிய கப்பல் ஏதாவது பத்து மைலுக்குள் வந்தால், அது அனுப்பும் சைகையைப் பிடித்துக் கருவி மணியடித்துவிடும். மணி அடிக்கவில்லை. நான் குறிப்பேட்டில் எழுதினேன்: கண்ணுக்கு எட்டிய தூரம் ஒன்றுமில்லை.

ஃப்ளேவியா இரண்டு கோப்பை தேநீரோடு மேலே வந்தாள். கோப்பைகள் விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

"மைனி! முன்னால, அணியத்துக்கு நேரா வள்ளம்! ஒத்த முடிச்சு! ஒத்த முடிச்சுக் கயித்த இழுங்க!"

ஒற்றை முடிச்சுக் கயிறு காற்றுச் சுக்கானை விடுவிக்கிற கயிறு. அதை இழுத்தால்தான் சக்கரம் நம் கைக்கு வரும். அது என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் நின்ற படியிலிருந்து எட்டாது.

"எது?" என்றேன்.

"கையால தடவிப் பாருங்க, முடிச்சு தட்டுப்படும்!"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்தது. முடிச்சு எதற்கு, யாருக்காக, எத்தனை நாளாக. நான் தடவிய மூன்று கயிறுகளும் வழுவழுவென்று இருந்தன. அவிழ்த்தவள் நான். நீலத்துக்கும் பச்சைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். முன்பாய் அவிழ்ந்து படபடவென்று வெடி வெடிப்பதுபோல் அடித்துக்கொண்டது.

ஃப்ளேவியா என் மடிமேல் பாய்ந்தாள். வேறு வார்த்தை இல்லை, பாய்ந்தாள். சரியான கயிற்றை இழுத்து, சக்கரத்தை வலப்பக்கமாக ஒரேயடியாகச் சுழற்றினாள். 'பொறுமை' பதினான்கு டன். மெதுவாகத்தான் திரும்பும். திரும்பியது. இடப்பக்கம் ஒரு நீல நிறச் சுவர் எங்களை உரசுகிற தூரத்தில் கடந்துபோனது. டீசல் வாடையும் மீன் வாடையும் முகத்தில் அடித்தன. இலங்கை மீன்பிடிப் படகு. வலையை இழுத்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறது. ஆறேழு பேர் கைகளை ஆட்டிச் சிங்களத்தில் கத்தினார்கள். மொழி தெரியாது. சொன்னது புரிந்தது.

பாயைச் சுருட்டியபின் இருவரும் குழியின் தரையிலேயே, உடைந்த கோப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம்.

"முடிச்சு எங்க மைனி?"

"அவிழ்த்துட்டேன்."

"எப்ப?"

"முந்தாநாள். அசிங்கமா இருந்துது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எப்போலேருந்து உனக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"போன மாசம் லங்காவி ஏர்போர்ட்டுலயே. நான் இந்தப் பக்கம் நின்னு கையக் காட்டுதேன், நீங்க அந்தப் பக்கம் நின்ன வெள்ளக்காரி கையப் புடிச்சுக்கிட்டு 'மெலிஞ்சுட்டியே ஃப்ளேவி'ன்னு சொன்னிய."

"தெரிஞ்சும் ஏன் ஏறின?"

"நீங்க ஏறிட்டியளே. தனியா விடவா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட யாரு சொல்லுவா? கொழம்புல உப்புக் கூடன்னு ஒரு தடவ சொல்லிட்டு எங்க அண்ணன் மூணு நாளு வெளித்தளத்துல படுத்தாரு."

இரண்டு நாள். மூன்று என்பது மிகை. ஆனால் அவளைத் திருத்தவில்லை.

என் காவல் ஒவ்வொன்றிலும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எலுமிச்சம்பழமும் சீப்பும் அதற்குத்தான். ஒன்பது நாளாக ஒரு பெண், அறுபத்தாறு வயதில், இரண்டு பேருடைய காவலையும் தனியாக நின்றிருக்கிறாள். நான் அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து போடச் சொன்னேன்.

எனக்குச் சரியாகக் கண் தெரியவில்லை. மூன்று வருடமாகத் தெரியவில்லை. அவர் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. அவரிடமும் சொல்லவில்லை. இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிட்டேன். படகு அப்படியேதான் மிதக்கிறது.

ஜனவரி 23

நேற்று இருட்டுவதற்குள் படகை நிறுத்தினோம். நங்கூரம் எட்டாத ஆழத்திலும் இந்தப் படகை நிறுத்தலாம். ஒரு பாயை எதிர்ப்பக்கம் கட்டிச் சுக்கானையும் எதிரே திருப்பி வைத்தால் குளத்து வாத்துபோல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். களைத்துப்போனவர்கள் தூங்குவதற்காகவே படகை வரைந்தவர் இப்படி அடிப்பாகத்தை நீளமாகவும் கனமாகவும் வைத்தார் என்று என் கணவர் சொல்வதுண்டு. மின்சாரம் தீர்ந்தாலும் பரவாயில்லை என்று ரேடாரைப் போட்டோம். அது மரப்படகையும் பிடித்து மணியடிக்கும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஃப்ளேவியா பதினொரு மணி நேரம் தூங்கினாள். குறட்டை கேட்டது. அதை நான் ரசித்தேன் என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை.

அவள் தூங்கும்போது குறிப்பேட்டை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, என் சிவப்பு மைத் திருத்தங்களை ஒவ்வொன்றாக அடித்தேன். பதினேழு இடம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'தெளிவு. ஃப்ளேவியா எழுதியதே சரி' என்று எழுதிக் கையொப்பம் போட்டேன்.

எழுந்ததும் ஓஸ்வால்டுக்குச் செய்தி எழுதச் சொன்னேன். அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எதுக்கு மைனி? இன்னும் ரெண்டு நாளு. கர சேந்துட்டா அவன் கையெழுத்து. நாம சொல்லாட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"படகு போயிரும்."

"நேத்து அந்தப் பையன்களோட படகு போயிருக்கும்."

அவள் கருவியை எடுத்து எழுதினாள். நான் சொல்லச் சொல்ல, எழுத்துப் பிழையில்லாமல்: 'அம்மா காவல் நிற்கவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை. ஒன்பது நாளும் நின்றது உன் அத்தை மட்டும். நிபந்தனையில் நான் தோற்றேன்.'

அனுப்பியதும் பசித்தது. நெடுநாளைக்குப் பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜனவரி 24

ஓஸ்வால்டிடமிருந்து பதில் இல்லை.

இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குக் கீழே கப்பல்கள் நெடுஞ்சாலை லாரிகள்போல் வரிசை கட்டிப் போகின்றன. வேலையைப் புதிதாகப் பிரித்துக்கொண்டோம். ஃப்ளேவியா கண். நான் காது, வாய், சமையல். அவள் கருவியில் கப்பலின் பெயரையும் தூரத்தையும் படிப்பாள். நான் வானொலியில் கூப்பிடுவேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லையும் முழுதாக: நாங்கள் இரண்டு மூத்த பெண்கள், பாய்மரப் படகு, உங்கள் பாதையில் இருக்கிறோம், தயவுசெய்து உங்கள் திசையை ஐந்து பாகை மாற்றுங்கள்.

பதினோரு கப்பல்கள். பதினொன்றும் மாற்றின. முந்நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்குக் கப்பலின் அதிகாரி வாய்க்குள் முணுமுணுத்தான். திருப்பிச் சொல்லச் சொன்னேன், தெளிவாக.

"யெஸ், டீச்சர்" என்றான்.

ஃப்ளேவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் இருந்திருந்தா இதக் கேட்டே இன்னொரு பத்து வருஷம் இருந்திருப்பாரு" என்றாள்.

ஜனவரி 25, காலி

காலை ஒன்பது பத்துக்குக் கயிறு கட்டினோம். அவள் கடிகாரப்படி எழுதியிருக்கிறேன்.

ஓஸ்வால்டின் பதில் வந்திருந்தது. 'முதலில் கண் டாக்டர். மற்றது பிறகு.' அவ்வளவுதான். கோபமா இல்லையா என்று ஃப்ளேவியாவை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எழுத்தில் தெரியவில்லை.

ஜனவரி 27

போவதற்கு முன் ஜெபமாலை இரண்டு முறை சொன்னேன். அம்மாவின் கை சுவரில் ஊர்வது கண்முன் நின்றது.

கண் மருத்துவர் இளம்பெண். பொறுமையாகப் பேசினார். சொட்டு மருந்து போட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வெகு நேரம் பார்த்தார். பிறகு, அழுத்தம் பதினான்கு என்றார்.

பதினான்கு என்றால் என்ன என்று கேட்டேன்.

சரியான அளவு என்றார். பின்னாலுள்ள நரம்பு, தெரிந்த வரையில் இரண்டு பக்கமும் நலம். என் அம்மாவுக்கு வந்தது எனக்கு இல்லை. இது புரை. இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றிய புரை. ஒரு கண்ணுக்கு இருபது நிமிடம், இரண்டுக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி.

திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னேன். ஃப்ளேவியா குறுக்கே வந்து, "புரைதான் மைனி. ஊருல ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தருக்கு இருக்கே, அந்தப் புரை" என்றாள்.

அந்த அறையில் குளிர்சாதனம் அதிகம். மூக்கு ஒழுகியது. கைக்குட்டையை ஃப்ளேவியா கொடுத்தாள். அதைக் கழுவித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மாலையில் ஓஸ்வால்ட் பேசினான்.

"அம்மா, ஒரு புரைக்கா மூணு வருஷம் பயந்துகிட்டு இருந்தீங்க?"

"புரைன்னு தெரியாதே."

"டாக்டர்கிட்ட போயிருந்தா தெரிஞ்சிருக்குமே."

அவன் சொல்வது சரி என்றேன். அது அவனுக்கும் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பிறகு சொன்னான்: "கடைசி வரைக்கும் காவல் நின்னேன்னே நீங்க எழுதியிருந்தா படகை வித்திருப்பேன். அத்தை போன மாசமே எங்கிட்ட சொல்லிட்டாங்க. நீங்க எப்ப சொல்லப் போறீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு கண்ணும் முடியட்டும். டாக்டர் சரின்னு எழுதிக் கொடுத்த அன்னிக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு ஃப்ளேவியாவைப் பார்த்தேன். அவள் இருந்த திசையை.

"போன மாசமே சொல்லிட்டியா? அப்போ 'யாருக்குத் தெரியும்'னு ஏன் கேட்ட?"

"உப்பு சரியா இருக்கான்னு பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் இறங்கிவிட்டாள்.

ஜனவரி 28

முதல் கண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள்.

காலையில் கயிறுகளை எடுத்துவைத்துக்கொண்டு குழியில் உட்கார்ந்தேன். ஃப்ளேவியா எட்டிப் பார்த்தாள்.

"என்ன மைனி செய்யுதிய?"

"முடிச்சுப் போடுறேன்."

"இனி எதுக்கு? உங்களுக்குத்தான் கண்ணு தெரியப் போகுதே."

"உனக்கு அறுபத்தாறு ஆயாச்சு."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் போட்டிருந்ததுபோல் கண்டபடி போடவில்லை. அளவுநாடா வைத்து, நுனியிலிருந்து சரியாக ஒரு முழம், முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இரண்டு விரல். கை தடவினால் போதும். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சரிபார்த்தேன்.

காற்றுச் சுக்கான், ஒன்று. முன்பாய், இரண்டு. நடுப்பாய், மூன்று.